இணைய வானில் விமானிப் பயிற்சி: முதல் இணைப்பிலிருந்து பி1 தேர்வு வரை

கணினியின் விமான சிமுலேட்டரில் தனியாகப் பறப்பவருக்கு வானம் முழுவதும் சொந்தம். எந்த ஓடுபாதையில் வேண்டுமானாலும் இறங்கலாம், நடுவானில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம், எரிபொருள் தீர்ந்தால் மெனுவைத் திறந்து நிரப்பிக்கொள்ளலாம். ஆன்லைன் நெட்வொர்க்கில் இணைந்த நொடியில் அந்த உரிமை போய்விடுகிறது. அதே விமான நிலையத்தில் இன்னும் பலர் தங்கள் கணினியில் பறந்துகொண்டிருப்பார்கள். அவர்களை மோதாமல் வரிசைப்படுத்த ஒரு கன்ட்ரோலர் ரேடார் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவரும் சம்பளம் வாங்காத ஆர்வலர்தான்.

இந்த வகை நெட்வொர்க்குகளில் பெரியவை இரண்டு: 1998இல் தொடங்கிய ஐவாவோ, 2001இல் தொடங்கிய வாட்சிம். இரண்டும் இலவசம், இரண்டிலும் குரலில் பேசலாம், இரண்டிலும் விமானிகளுக்குத் தரநிலைகள் உண்டு. பைலட்எட்ஜ் என்று ஒன்று இருக்கிறது. அது கட்டணச் சேவை, சம்பளம் பெறும் கன்ட்ரோலர்கள் அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் கவனிக்கிறார்கள். இந்தக் கட்டுரை வாட்சிமை மையமாக வைத்துப் பேசுகிறது. பட்டன்களின் பெயரும் விதிமுறைகளின் சொற்களும் மாறுமே தவிர, மற்றவற்றிலும் கற்க வேண்டியது இதேதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வாட்சிமில் பறக்க விமானித் தரநிலை எதுவும் தேவையில்லை. புது உறுப்பினர் பி0 என்ற நிலையில் சேர்கிறார். விதிமுறைகளைப் பற்றிய அறிமுகப் பாடத்தைப் படித்து, அதன் இணையத் தேர்வில் தேறினால் இணைந்துவிடலாம். போயிங் 777ஐ எடுத்துக்கொண்டு கடல் தாண்டினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். அதற்கு மேல் உள்ள பி1 (தனியார் விமானி), பி2 (கருவிவழிப் பறத்தல்), பி3 (வணிக, பல எஞ்சின்), பி4 (விமான நிறுவன விமானி) ஆகியவை விரும்புபவர்களுக்கு மட்டும். நிஜ உரிமங்களின் வரிசையைப் பார்த்து அமைத்த படிகள் இவை. நிஜ விமானத்தில் இவற்றுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

அப்படியானால் பயிற்சி எதற்கு? தனியாகப் பறக்கும்போது மூளைக்கு ஒரே வேலை. நெட்வொர்க்கில் அதே மூளை விமானத்தை ஓட்ட வேண்டும், ரேடியோவைக் கேட்க வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அடுத்த அலைவரிசையைத் திருப்ப வேண்டும், பக்கத்தில் வரும் விமானத்தையும் தேட வேண்டும். சைக்கிள் ஓட்டுவது பழகிப்போனவரால்தான் ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடியும். ரேடியோவில் திணறுகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் அவர்களுக்கு ஆங்கிலமோ சொற்களோ பிரச்சினையாக இருப்பதில்லை. விமானம் இன்னும் கைக்குப் பழகியிருக்காது, அவ்வளவுதான். முதலில் கை, பிறகு வாய் என்ற வரிசையை மாற்றாமல் இருந்தால் மற்றதெல்லாம் எளிது.

எந்த விமானம், என்ன கருவிகள்

செஸ்னா 172. இதில் பெரிய விவாதம் தேவையில்லை. பி1 பாடம் முழுவதும் கண்ணால் பார்த்துப் பறக்கும் விஎஃப்ஆர் முறையைச் சுற்றியே இருக்கிறது. ஏர்பஸ் 320இன் ஆட்டோபைலட்டில் அதைக் கற்க முடியாது. ஜெட் விமானம் ஒரு நிமிடத்தில் கடக்கும் தூரத்துக்குச் செஸ்னா மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். கற்பவருக்கு யோசிக்கத் தேவைப்படும் நேரத்தை அந்த மெதுவான ஓட்டம் கொடுக்கிறது.

திருகினால் ரட்டர் (வால் சுக்கான்) அசையும் ஜாய்ஸ்டிக் ஒன்று, மைக் உள்ள ஹெட்செட் ஒன்று போதும். ஸ்பீக்கரையும் தனி மைக்கையும் வைத்துக்கொண்டால் கன்ட்ரோலரின் குரல் உங்கள் மைக் வழியே திரும்ப அவருக்கே போகும். பேசுவதற்கான பட்டனை ஜாய்ஸ்டிக்கிலேயே வையுங்கள். விசைப்பலகையில் வைத்தால் தரையிறங்கும் நேரத்தில் கை இரண்டுக்கும் நடுவே அல்லாடும்.

சிமுலேட்டரை நெட்வொர்க்கோடு இணைக்கும் சிறு மென்பொருளைப் பைலட் கிளையன்ட் என்பார்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்கு விபைலட், எக்ஸ்-பிளேனுக்கு எக்ஸ்பைலட், பல சிமுலேட்டர்களுக்கும் பொதுவாக ஸ்விஃப்ட். நிறுவியதும் செய்ய வேண்டிய மூன்றை மறக்கக் கூடாது. சிமுலேட்டர் தானாக உருவாக்கும் விமானப் போக்குவரத்தையும், அதன் சொந்த மல்டிபிளேயரையும், அதன் உள்ளே இருக்கும் ஏடிசி (கன்ட்ரோலர்) குரலையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் நெட்வொர்க்கில் இல்லாத ஒரு விமானம் ஓடுபாதையில் நிற்பதாக நினைத்து நீங்கள் காத்திருப்பீர்கள். பின்னால் வருபவர்களுக்கு ஏன் என்று புரியாது.

மற்றவர்களின் விமானங்கள் சரியான உருவத்தில் தெரிய மாடல் மேட்சிங் என்ற அமைப்பு வேண்டும். உங்கள் கணினியில் இருக்கும் விமான மாடல்களைக் கொண்டுதான் கிளையன்ட் அவற்றை வரைகிறது. மாடல் தொகுப்பு எதுவும் இல்லாவிட்டால் சுற்றியுள்ள எல்லாமே ஒரே விமானமாகத் தெரியலாம். ‘முன்னால் போகும் போயிங்கைத் தொடருங்கள்’ என்று சொல்லும்போது அங்கே இன்னொரு செஸ்னா தெரிந்தால் குழப்பம்தான்.

எக்ஸ்-பிளேனில் இன்னொன்று உண்டு. ஒரு நொடிக்கான திரைச்சட்டங்கள் ஏறத்தாழ 20க்குக் கீழே போனால் அது சிமுலேட்டரின் நேரத்தையே மெதுவாக்கிவிடும். உங்கள் காட்டியில் 90 நாட் (மணிக்கு 90 கடல்மைல்) இருக்கும். ரேடாரில் அதைவிடக் குறைவாக ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். காட்சித் தரத்தைக் குறைத்து இதைச் சரிசெய்துவிட்டே இணையுங்கள்.

இணையும் முன் கைக்கு வர வேண்டிய சர்க்யூட்

ஓடுபாதையிலிருந்து கிளம்பி, செவ்வகமாகச் சுற்றி, அதே ஓடுபாதையில் இறங்குவதே சர்க்யூட். வழக்கமாக இடப்பக்கச் சுற்று, தரையிலிருந்து 1000 அடி உயரம். நிலையம் கடல் மட்டத்திலிருந்து 300 அடியில் இருந்தால் ஆல்டிமீட்டரில் (உயரமானியில்) 1300 காட்ட வேண்டும். ஓடுபாதை 27 (270 டிகிரியை நோக்கியது) என்றால் சுற்றின் பக்கங்களும் திசைகளும் இப்படி: கிளம்பும்போது 270, முதல் திருப்பத்துக்குப் பிந்தைய கிராஸ்விண்டில் 180, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் டவுன்விண்டில் 090, ஓடுபாதைப் பக்கம் திரும்பும் பேஸில் 360, ஓடுபாதைக்கு நேராக இறங்கும் ஃபைனலில் மீண்டும் 270. ஒவ்வொரு திருப்பமும் 90 டிகிரி. இந்தக் கணக்கு மனதில் ஓடவில்லை என்றால் காகிதத்தில் வரைந்து பக்கத்தில் வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

172எஸ் வகைக்கான எண்கள்: 55 நாட்டில் மூக்கைத் தூக்குங்கள், 75 நாட் சுமாரில் ஏறுங்கள். டவுன்விண்டில் 2200 முதல் 2300 ஆர்பிஎம் (எஞ்சினின் நிமிடச் சுழற்சி) வைத்தால் 90 நாட் நிற்கும். இறங்க வேண்டிய ஓடுபாதை முனை இடப்பக்கம் நேராக வரும்போது பவரை 1500 ஆர்பிஎம் அளவுக்குக் குறைத்து, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்புத் தகடு) 10 டிகிரி. முதல் 10 டிகிரியை 110 நாட்டுக்குக் கீழேயும், அதற்கு மேல் உள்ளதை 85 நாட்டுக்குக் கீழேயும்தான் இறக்கலாம். ஓடுபாதை முனை தோளுக்குப் பின்னால் 45 டிகிரியில் தெரியும்போது பேஸுக்குத் திரும்புங்கள். ஃபிளாப் 20, வேகம் 70 முதல் 75. ஃபைனலில் ஃபிளாப் 30, வேகம் 65. பாபி விளக்குகள் உள்ள ஓடுபாதையில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான சரிவு. நான்கும் வெள்ளை என்றால் மிக உயரம், நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்வு.

தொடக்கத்தில் கெடுவது பெரும்பாலும் டவுன்விண்டில்தான். உயரம் 1000 அடியிலிருந்து 1200க்கு ஏறிவிடும். அங்கே சரிசெய்யாமல் விட்டால் பேஸில் உயரம் மிஞ்சும். அதைக் குறைக்க மூக்கை அழுத்தினால் வேகம் ஏறும். வேகம் ஏறினால் விமானம் ஓடுபாதை மேல் மிதந்துகொண்டே போகும். கடைசியில் ‘லேண்டிங் வரவில்லை’ என்று தோன்றும். தவறு நடந்தது இரண்டு நிமிடத்துக்கு முன்னால். சமதளப் பறத்தலுக்கு வந்ததும் முதலில் மூக்கின் நிலை, பிறகு பவர், கடைசியில் டிரிம் (ஜாய்ஸ்டிக்கை அழுத்திப் பிடிக்காமலே நிலை நிற்கச் செய்வது) என்ற வரிசையைப் பழகுங்கள். டிரிம் செய்யாமல் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தே ஓட்டுபவரின் கவனம், ரேடியோவில் குரல் வந்ததும் சிதறும். உயரமும் கூடவே போகும்.

ஆஃப்லைனில் தொடர்ச்சியாக ஐந்து சர்க்யூட்டை, உயரம் 100 அடிக்கு மேல் விலகாமல், வேகம் 10 நாட்டுக்கு மேல் விலகாமல் முடிக்க முடிகிறதா? அப்போது இணையலாம். அழகாக இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதல் இணைப்பு

முதல் நாள் பறக்க வேண்டாம். நடுத்தரமான, கூட்டமில்லாத ஒரு நிலையத்தில் டவர் கன்ட்ரோலர் இருக்கிறாரா என்று நேரடி வரைபடத்தில் பாருங்கள். வாட்ஸ்பை, சிம்அவேர் போன்ற கருவிகள் இதைக் காட்டும். அங்கே நிறுத்துமிடத்தில் எஞ்சினை அணைத்து இணைந்து, டவர் அலைவரிசையை வைத்து அரை மணி நேரம் கேளுங்கள். ஒரு விமானம் நிறுத்துமிடத்திலிருந்து கிளம்பி வானில் ஏறும்வரை யார் என்ன சொன்னார்கள் என்பது அந்த அரை மணியிலேயே பிடிபட்டுவிடும்.

நிறுத்துமிடத்தில் இணைவது விதி. சொந்த விருப்பத்துக்கு விட்டதல்ல. ஓடுபாதையிலோ, அதற்குப் போகும் தரைவழியான டாக்ஸிவேயிலோ இணையக் கூடாது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020இல் விமான நிலையத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் அது உங்களை நேராக ஓடுபாதையில் கொண்டுபோய் வைக்கும். இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் மூக்குக்கு முன்னால் திடீரென்று முளைப்பீர்கள். வரைபடத்தில் கொஞ்சம் பெரிதாக்கி ஒரு பார்க்கிங் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த இடத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்பதையும் நேரடி வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

குரல் கேட்கவில்லையா? காக்பிட்டில் பேட்டரியும் ஏவியானிக்ஸ் சுவிட்சும் போட்டிருக்கிறதா, காம்1 என்ற முதல் ரேடியோவின் ஒலி பட்டன் அழுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். கிளையன்ட் உங்கள் காக்பிட் ரேடியோவையே பின்பற்றுகிறது. அலைவரிசையைத் திருப்ப வேண்டியதும் அங்கேதான். வாட்சிமின் குரல் அமைப்பு ரேடியோ அலையின் தூர வரம்பையும் பின்பற்றுவதால், தரையில் நிற்கும்போது தொலைவில் உள்ள கன்ட்ரோலர் கேட்காமல் போகலாம். ஏறிய பிறகு கேட்பார். ஒருவர் பேசும்போதே நீங்களும் பட்டனை அழுத்தினால் இருவரின் பேச்சும் கெடும். பட்டன் சிக்கி மைக் திறந்தே கிடந்தால் அந்த அலைவரிசை முழுவதும் முடங்கும். அலைவரிசை நெடுநேரம் அமைதியாக இருந்தால் முதலில் உங்கள் மைக்கைச் சந்தேகியுங்கள்.

கன்ட்ரோலர்களின் பதவிகளில் ஒரு படிவரிசை இருக்கிறது: டெலிவரி (வழி அனுமதி), கிரவுண்ட் (தரை நகர்வு), டவர் (ஓடுபாதை), அப்ரோச் (நிலையத்தைச் சுற்றிய வான்), சென்டர் (அதற்கு அப்பாலுள்ள வான்). கீழே யாரும் இல்லாவிட்டால் மேலே இருப்பவர் பொதுவாகக் கீழ்வேலையையும் பார்ப்பார். சென்டர் மட்டும் இருக்கும்போது டாக்ஸி அனுமதியையும் (தரையில் ஓட்டிச் செல்வதற்கு) அவரிடமே கேட்க வேண்டியிருக்கும். ‘டவர் இல்லை, எனவே யாரிடமும் கேட்க வேண்டாம்’ என்று நினைத்துக் கிளம்பிவிடுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை. யாருமே இல்லாத இடத்தில் 122.8 என்ற யூனிகாம் அலைவரிசையில் உங்கள் எண்ணத்தை அறிவித்துவிட்டுப் பறக்கலாம்.

ஃபிளைட் பிளான்

மூன்று பிளான்கள் இருக்கின்றன என்பதை மனதில் வையுங்கள்: சிமுலேட்டரின் வரைபடத்தில் போடுவது, காக்பிட்டின் ஜிபிஎஸ்ஸில் ஏற்றுவது, நெட்வொர்க்கில் பதிவு செய்வது. கன்ட்ரோலருக்குத் தெரிவது மூன்றாவது மட்டும். சர்க்யூட்டுக்குப் புறப்படும் நிலையமும் சேரும் நிலையமும் ஒன்றே. நிலையத்துக்கான நான்கெழுத்து ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) குறியீட்டை இரண்டிலும் போடுங்கள். விதி விஎஃப்ஆர். விமான வகை சி172. குறிப்புப் பகுதியில் நீங்கள் மாணவ விமானி என்று எழுதுங்கள். அதைப் பார்த்த கன்ட்ரோலர் மெதுவாகப் பேசுவார், சிக்கலான கட்டளைகளைப் பிரித்துக் கொடுப்பார். எழுதாமல் விட்டால் உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்.

நேரங்கள் எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில். பயிற்சி வகுப்பும் தேர்வும்கூட அதே நேரத்தில்தான் குறிக்கப்படும்; உள்ளூர் நேரத்தில் எழுதிவைத்துத் தவறவிடுபவர்கள் உண்டு.

ரேடியோவில் என்ன சொல்வது

எல்லா அழைப்புக்கும் ஒரே சட்டகம்: யாரை அழைக்கிறேன், நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன வேண்டும். முதலில் ஏடிஸ் என்ற பதிவு செய்த வானிலை அறிவிப்பைக் கேட்டு அதன் எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு:

‘கிரவுண்ட், கோல்ஃப் அல்ஃபா பிராவோ சார்லி டெல்டா, செஸ்னா 172, நார்த் ஏப்ரன், இன்ஃபர்மேஷன் பிராவோ, கியூஎன்ஹெச் 1009, ரிக்வெஸ்ட் டாக்ஸி ஃபார் விஎஃப்ஆர் சர்க்யூட்ஸ்.’

கிரவுண்டுக்கு முன்னால் நிலையத்தின் பெயரைச் சேருங்கள். கோல்ஃப் முதல் டெல்டா வரை உள்ளவை கால்சைனின் (விமானத்தின் அழைப்புப் பெயரின்) எழுத்துகள். கியூஎன்ஹெச் என்பது ஆல்டிமீட்டரில் வைக்க வேண்டிய அன்றைய காற்றழுத்தம். பதிலில் டாக்ஸி பாதை, எந்த ஓடுபாதையின் முன் நிற்க வேண்டும் என்ற இரண்டும் வரும். பட்டனை அழுத்துவதற்கு முன்பே பேனாவைக் கையில் எடுத்திருக்க வேண்டும். ஓடுபாதை முனையில்:

டவர்: ‘கோல்ஃப் சார்லி டெல்டா, விண்ட் டூ ஃபைவ் ஜீரோ, எய்ட் நாட்ஸ், ரன்வே டூ செவன், கிளியர்டு ஃபார் டேக்-ஆஃப்.’

நீங்கள்: ‘ரன்வே டூ செவன், கிளியர்டு ஃபார் டேக்-ஆஃப், கோல்ஃப் சார்லி டெல்டா.’

காற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். ஓடுபாதை சார்ந்த எல்லா அனுமதிகளையும், நில் என்ற கட்டளையையும், உயரம், திசை, வேகம், கியூஎன்ஹெச், ஸ்க்வாக் எண் (ரேடாரில் உங்களை அடையாளம் காட்டும் நான்கிலக்க எண்), புது அலைவரிசை ஆகியவற்றையும் கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ராஜர்’ என்று மட்டும் சொன்னால் கேட்டது காதில் விழுந்தது என்றுதான் பொருள். சரியாகக் கேட்டீர்களா என்பது கன்ட்ரோலருக்குத் தெரியாது. கால்சைனைச் சுருக்குவதும் உங்கள் கையில் இல்லை. கன்ட்ரோலர் முதலில் சுருக்கினால் நீங்களும் சுருக்கலாம்.

டேக்-ஆஃப் என்ற சொல்லில் தனிக் கவனம் வேண்டும். அந்த அனுமதியைக் கொடுக்கும்போதும், ரத்து செய்யும்போதும் மட்டுமே அது ரேடியோவில் வரும். மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃபே தீவில் மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்காமலே ஒரு விமானம் ஓடத் தொடங்கியதும், ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைச் சுற்றி நடந்த தெளிவற்ற பேச்சும் அதில் பங்கு வகித்தன. ஆகவே ‘ரெடி ஃபார் டேக்-ஆஃப்’ என்று சொல்லாமல் ‘ரெடி ஃபார் டிபார்ச்சர்’ என்றே சொல்லப் பழகுங்கள். ‘லைன் அப் அண்ட் வெயிட்’ என்றால் ஓடுபாதையில் ஏறி நிற்க மட்டும் அனுமதி.

டவுன்விண்டுக்கு வந்ததும் ‘டவுன்விண்ட், டச் அண்ட் கோ’ (இறங்கி நிற்காமல் மீண்டும் கிளம்ப) அல்லது ‘டவுன்விண்ட், ஃபுல் ஸ்டாப்’ (இறங்கி நிற்க) என்று சொல்லுங்கள். கூட்டம் இருந்தால் ‘நம்பர் டூ, ஃபைனலில் இருக்கும் செஸ்னாவைத் தொடரவும்’ என்பது போலக் கட்டளை வரும். அந்தச் செஸ்னா தெரிந்தால் ‘டிராஃபிக் இன் சைட்’. தெரியாவிட்டால் ‘லுக்கிங்’. சிமுலேட்டரில் இரண்டு மைலுக்கு அப்பால் உள்ள சிறு விமானம் திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. தெரியவில்லை என்று சொல்வதில் தவறே இல்லை. தெரியாததைத் தெரிவதாகச் சொன்னால் இடைவெளி காக்கும் பொறுப்பு உங்களிடம் வந்துவிடும்.

புரியவில்லையா? ‘சே அகெய்ன்.’ கைவேலை அதிகமா? ‘ஸ்டேண்ட்பை.’ முடியாததைக் கேட்கிறார்களா? ‘அனேபிள்.’ இந்த மூன்றையும் தயங்காமல் சொல்பவர் விரைவில் தேறுகிறார். புரியாமலே ஒப்புக்கொள்பவரால்தான் கன்ட்ரோலருக்கு உண்மையான வேலை. குரலில் சுத்தமாக முடியாவிட்டால் எழுத்தில் பேசவும் அனுமதி உண்டு, ஆனால் டவுன்விண்டில் தட்டச்சு செய்துகொண்டு பறப்பது பேசுவதைவிடக் கடினம்.

ரேடாரில் நீங்கள் தவறாகத் தெரிவது ஏன்

‘உங்கள் உயரத்தைச் சரிபாருங்கள்’ என்று வந்தால் முதல் சந்தேகம் கியூஎன்ஹெச் மேல் இருக்கட்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) வித்தியாசம் சுமார் 27 முதல் 30 அடி. அன்றைய அழுத்தம் 1003 ஆக இருக்கும்போது ஆல்டிமீட்டரை 1013இல் விட்டுவிட்டால், காட்டியில் 1300 தெரியும். நிஜத்தில் சுமார் 1000 அடியில் இருப்பீர்கள். அதாவது நினைப்பதைவிடத் தரைக்கு அருகே.

ரேடாரிலேயே காணோம் என்றால் ஸ்க்வாக் எண்ணை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் ஸ்டேண்ட்பையில் கிடக்கும். ஸ்க்வாக் எண்ணில் 7700 அவசர நிலைக்கு, 7600 ரேடியோ பழுதுக்கு. 7500 கடத்தலைக் குறிக்கும். நெட்வொர்க்கில் அதை வைக்கவே கூடாது. வேறு எண்ணுக்குத் திருப்பும்போது அந்த எண் வழியாகக் கடந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவசர நிலையை நடிக்க அனுமதி உண்டு. கன்ட்ரோலர் வேண்டாம் என்றால் உடனே நிறுத்த வேண்டும், அல்லது இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

சிமுலேட்டரை நிறுத்திவைப்பதும் நேரத்தை வேகப்படுத்துவதும் கட்டுப்பாட்டு வான்பகுதியில் அனுமதி கேட்டுத்தான். இணைந்தபடியே கணினியை 30 நிமிடத்துக்கு மேல் கவனிக்காமல் விடக் கூடாது.

பி1 பயிற்சி எப்படி நடக்கிறது

பயிற்சியை அந்தந்தப் பிராந்தியப் பிரிவுகளும், அங்கீகாரம் பெற்ற பயிற்சிக் குழுக்களும் நடத்துகின்றன. பதிவு, பாடக்குறிப்பு, கோட்பாட்டுத் தேர்வு, பயிற்றுநரோடு நேரடி வகுப்புகள், கடைசியில் தேர்வாளரோடு செய்முறைத் தேர்வு என்பது பொதுவான ஓட்டம். பயிற்றுநர்களும் ஆர்வலர்களே என்பதால் காத்திருப்பு இருக்கும். அந்த நாட்களை வீணாக்காமல் கோட்பாட்டை முடித்துவிடுங்கள்.

கோட்பாட்டில் மூன்று பகுதிகள் பலரைச் சறுக்க வைக்கின்றன. முதலாவது வான்பகுதி வகுப்புகள். ஐகாவோ முறைப்படி ஏ வகுப்பில் விஎஃப்ஆர் கிடையாது. பி, சி, டி வகுப்புகளில் நுழைய அனுமதி வேண்டும். இ, எஃப், ஜி வகுப்புகளில் விஎஃப்ஆர் விமானத்துக்கு அனுமதி தேவையில்லை. நாட்டுக்கு நாடு மாறுபாடுகள் உண்டு, அமெரிக்க விதி இதிலிருந்து விலகும். எந்த நாட்டில் தேர்வு எழுதுகிறீர்களோ அந்த நாட்டின் வரைபடத்தைப் படியுங்கள்.

இரண்டாவது வானிலை வரம்பு. 10,000 அடிக்குக் கீழே பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்பகுதிகளில் பார்வைத் தொலைவு 5 கிலோமீட்டர், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1500 மீட்டர், மேலும் கீழும் 1000 அடி. மெட்டார் என்ற நிலைய வானிலை அறிக்கையில் 27008 என்று தொடங்கும் தொகுதி 270 டிகிரியிலிருந்து 8 நாட் காற்று என்பதைச் சொல்கிறது. மெட்டாரில் அந்தத் திசை உண்மை வடக்கை வைத்து. டவர் ரேடியோவில் சொல்லும் திசை காந்த வடக்கை வைத்து. கேள்வித்தாளில் இந்த வித்தியாசம் அடிக்கடி ஒளிந்திருக்கும்.

மூன்றாவது, ஜிபிஎஸ் இல்லாமல் வழி கண்டுபிடிப்பது. 90 நாட் என்றால் நிமிடத்துக்கு ஒன்றரை கடல்மைல். 18 மைல் தொலைவில் உள்ள ஆற்றுப்பாலம் 12ஆவது நிமிடத்தில் கீழே வர வேண்டும். 60 மைலில் ஒரு மைல் விலகினால் ஒரு டிகிரி பிழை என்ற விதியும் கைகொடுக்கும்: 20 மைல் பறந்த பிறகு பாதையிலிருந்து 2 மைல் விலகியிருந்தால் 6 டிகிரி பிழை. அந்த 6 டிகிரியைத் திருப்பினால் பாதைக்கு இணையாகப் போவீர்கள். இன்னொரு 6 டிகிரி சேர்த்தால் அடுத்த 20 மைலில் பாதைக்கே திரும்புவீர்கள்.

செய்முறையில் புறப்பாடு, மெதுவான பறத்தல், ஸ்டால் (இறக்கை தூக்குவிசை இழப்பது), செங்குத்தான திருப்பங்கள், வழிகாணல், எஞ்சின் நின்றால் இறங்கும் இடம் தேடுவது, பலவகைத் தரையிறக்கங்கள் என்று வரும். அமெரிக்கத் தனியார் விமானித் தேர்வின் அளவுகோலை இலக்காக வைத்துப் பழகலாம்: 45 டிகிரி சாய்வில் முழு வட்டம், உயரம் 100 அடிக்குள், வேகம் 10 நாட்டுக்குள், முடியும்போது திசை 10 டிகிரிக்குள். 172எஸ்ஸில் எஞ்சின் நின்றதும் 68 நாட். முதலில் அந்த வேகம், பிறகு வயல், அதற்குப் பிறகுதான் ரேடியோ. எஞ்சின் நின்றவுடன் ‘மேடே’ என்ற அபாய அழைப்பைச் சொல்ல ஓடும் மாணவர் வேகத்தை இழக்கிறார். தேர்வாளர் கவனிப்பது அதைத்தான்.

தேர்வு நாளில் சிமுலேட்டரின் நேரடி வானிலைக்கும் நெட்வொர்க்கின் மெட்டாருக்கும் வேறுபாடு இருக்கலாம். உங்கள் திரையில் மேகம் 800 அடியில் இருந்தால் தேர்வாளரின் திரையில் வெயில் அடித்தாலும் சொல்லிவிடுங்கள். விஎஃப்ஆர் வரம்பு இல்லை என்று முடிவெடுத்து ஒத்திவைப்பதும் விமானியின் வேலைதான். பக்கக் காற்று 15 நாட்டைத் தாண்டினால் அதையும் பேசுங்கள். செஸ்னா 172இல் சோதித்துக் காட்டிய அளவு அதுவரைதான்.

பி1 முடிந்ததும் நேராகப் பி2க்குப் போகத் துடிப்பவர்கள் இடையில் சில வாரங்கள் குறுக்குநாட்டுப் பயணங்கள் செய்வது நல்லது: கன்ட்ரோலர் இருக்கும் நிலையத்திலிருந்து கிளம்பி, யாரும் இல்லாத நிலையத்தில் யூனிகாமில் அறிவித்து இறங்கி, வேறு வழியில் திரும்புவது. பி2இல் ஐஎல்எஸ் (கருவிவழி இறங்கும் முறை), ஹோல்டிங் (வானில் சுற்றிக் காத்திருத்தல்), சிட், ஸ்டார் (வகுத்துவைத்த புறப்பாட்டு, வருகைப் பாதைகள்) என்று வரும். கையால் ஓட்டி, உயரம் காத்து, பேசிக்கொண்டே அடுத்ததை யோசிப்பது அங்கே அடிப்படை எதிர்பார்ப்பு. ஏர்பஸ்ஸை எடுக்க ஆசை இருந்தால் இப்போது எடுக்கலாம். இறங்கத் தொடங்கும் இடத்துக்கு ஒவ்வொரு 1000 அடிக்கும் 3 கடல்மைல் கணக்கு வையுங்கள். தரைவேகத்தை 5ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது கிடைக்கும். 140 நாட் என்றால் 700 அடி.